‘+’ போட்டு ஊருக்கு அழைக்காதீர்கள்

“இந்தியாவுக்குத்தானே பேசினேன், அமெரிக்காவுக்கா பேசினேன்?” சிங்கப்பூரில் கைப்பேசி பில்லைக் கவுண்டர்மேல் விரித்து வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. தொகையைப் பார்த்தால் கோபம் நியாயம்தான். ஆனால் பிழை பில்லில் இல்லை, அழைத்த எண்ணின் தலையில் இருக்கிறது. எந்த நாட்டுக்குப் பேசினோம் என்பது கட்டணத்தில் பாதி. நாட்டுக் குறியீட்டுக்கு முன்னால் எதை அழுத்தினோம் என்பது மீதிப் பாதி.

“ப்ளஸ் போட்டா என்ன, 019 போட்டா என்ன, ரெண்டும் அம்மாவுக்குத்தானே போகுது?” அம்மாவுக்குத்தான் போகிறது. போகிற பாதை வேறு, பாதைக்கு ஏற்ற விலை வேறு. இங்குள்ள பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இரண்டு பாதைகள் வைத்திருக்கின்றன. சிங்டெல்லில் 001 விலை கூடியது, 019 மலிவு. ஸ்டார்ஹப்பில் 008, 018. எம் ஒன்னில் 002, 021. நீங்கள் எதையும் சொல்லாமல் வெறும் ‘+’ போட்டால், நிறுவனம் தன் வழக்கமான பாதையில் அனுப்பும். அது பெரும்பாலும் விலை கூடிய பாதைதான். மலிவுப் பாதை வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது என்றால் அந்த மூன்று இலக்கத்தை அழுத்துவது. அவ்வளவுதான். இதற்குப் பதிவு கிடையாது, படிவம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் முன்னெண்ணை இன்னொரு நிறுவனத்தின் சிம்மில் போட்டுப் பார்த்துவிட்டு “வேலை செய்யலை” என்று வராதீர்கள். பிரீபெய்ட் சிம்களில் முன்னெண் வேறாக இருக்கும், சலுகைக்குத் தகுந்தபடி மாறவும் செய்யும். சிம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், அல்லது வாங்கும்போதே கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

தெரிந்தவர்களும் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப்புக்காக எல்லா எண்ணையும் +91 என்று சேமித்திருப்பீர்கள். ஒருநாள் ஊரில் நெட் இல்லை, அழைப்பு போகவில்லை. அதே பெயரைத் தொட்டு, பக்கத்தில் இருக்கும் ரிசீவர் படத்தை அழுத்திவிடுகிறீர்கள். உடனே அது சாதாரண வெளிநாட்டு அழைப்பாகி, ப்ளஸ் பாதையில் போகிறது. ஐபோனில் இன்னும் வசதியாகக் குழி வெட்டி வைத்திருக்கிறார்கள்: வாட்ஸ்அப் அழைப்பும் சாதாரண அழைப்பும் ஒரே பட்டியலில் கலந்து நிற்கும், அடியில் பொடி எழுத்தில்தான் வித்தியாசம். தங்கை கல்யாணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, அது எந்த அழைப்பு என்று அப்புறம் யோசித்துப் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. அம்மாவுக்கு இரண்டு பெயர்கள் சேமியுங்கள். ஒன்று “அம்மா வாட்ஸ்அப்”, +91 என்று தொடங்கும். இன்னொன்று, சிங்டெல் என்றால், “அம்மா 019”: 019, அடுத்து 91, அடுத்து பத்து இலக்கம், நடுவில் ப்ளஸ் கிடையாது. முதல் பெயரை அழித்துவிடாதீர்கள். முன்னெண்ணோடு சேமித்த எண்ணை வாட்ஸ்அப் அடையாளம் காணாது, அதனால் இரண்டும் வேண்டும். சென்னை லேண்ட்லைன் என்றால் 044-இன் பூஜ்யத்தை விட்டுவிட்டு 019 91 44 என்று தொடங்குங்கள். 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து செல்பேசிக்கு அழைக்க முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்று விதி. அதைக் கேட்டுவிட்டு இங்கிருந்தும் பூஜ்யம் போட்டு, அழைப்பு போகவில்லை என்று சிம்மை மாற்றியவர்கள் உண்டு. அந்தப் பூஜ்யம் அங்கே இருப்பவர்களுக்கு. நமக்கில்லை.

அடுத்தது “அன்லிமிடெட் டாக்டைம்”. அது உள்ளூர் அழைப்புக்கு. வெளிநாட்டு நிமிடங்கள் சேர்ந்த திட்டங்களும் உண்டு, ஆனால் எந்தெந்த நாடு, எந்த முன்னெண்ணில் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். பங்களாதேஷ் இருக்கும், இலங்கை இருக்காது, அல்லது தலைகீழாக. பிரீபெய்டில் இன்னொரு கணக்கு: விளம்பரத்தில் நிமிடத்துக்கு இத்தனை காசு என்று இருப்பது வெளிநாட்டுப் பகுதி மட்டும். பல சிம்களில் அதன்மேல் உள்ளூர் நிமிடக் கட்டணமும் ஓடும். டாப்-அப் செய்யும்போது தரும் போனஸ் தொகை வெளிநாட்டு அழைப்புக்குச் செல்லுமா என்பதையும் கேளுங்கள், பல நேரம் செல்லாது. காலிங் கார்டு இன்னும் வாங்குகிறவர்களுக்கு: இணைப்புக் கட்டணம் உண்டா, 1 நிமிடம் 5 நொடி பேசினால் 2 நிமிடமாகக் கணக்கிடுவார்களா, முதல் அழைப்புக்குப் பிறகு எத்தனை நாளில் காலாவதி ஆகும், இந்த மூன்றையும் கேட்காமல் வாங்கினால் அட்டையின் முகத்தில் போட்டிருக்கும் நிமிடங்கள் வெறும் அலங்காரம்.

இருபக்கமும் நெட் இருந்தால் வாட்ஸ்அப்தான் மலிவு, அதில் வாதமே இல்லை. குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பியிலிருந்து ஒரு எம்பி வரை. வீடியோ அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அமைப்புகளில் சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதிக்குப் போய், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்பதைத் தட்டி வையுங்கள், ஊரில் சிக்னல் மோசமாக இருந்தாலும் குரல் அறுந்துபோவது குறையும். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் “வாட்ஸ்அப் கால் இங்கே தடையாமே” என்று கேட்கிறார்கள். அமீரகத்தில் தடை. சிங்கப்பூரில் தடை இல்லை. தடையைத் தாண்ட உதவும் விபிஎன்னுக்குக் காசு கட்டாதீர்கள்.

ஊரில் பெரியவர்களிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லையென்றால், செயலியில் பணம் ஏற்றி நேரே எண்ணுக்கு அழைக்கும் வழி உண்டு: வைபர் அவுட், ரெப்டெல் போன்றவை. (ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதியோடு மூடியாகிவிட்டது. பழைய காணொளியைப் பார்த்துவிட்டு இன்னும் அதைத் தேடுகிறார்கள்.) முதல் முறை ஆகக் குறைந்த தொகையை ஏற்றி, ஒரே ஒரு அழைப்பு செய்து, அம்மா கைப்பேசியில் எந்த எண் தெரிகிறது என்று கேளுங்கள். உங்கள் எண்ணோ ஏதோவொரு வெளிநாட்டு எண்ணோ தெரிந்தால் சரி. முன்பின் தெரியாத இந்தியச் செல்பேசி எண், அதுவும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் தெரிந்தால், அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். உங்கள் அழைப்பு இணையம் வழியாக எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் சிம் பாக்ஸுக்கு (பல சிம்களைச் செருகி வைத்த பெட்டி) போய், அங்கிருந்து உள்ளூர் அழைப்பாக மாறிப் போகிறது. அது சட்டவிரோதம். ஏன் செய்கிறார்கள் என்றால், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இறக்கிக் கொடுப்பதற்கு இந்திய நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 மே முதல் வரம்பு வைத்தது. உச்சவரம்பே நம் பணத்தில் ஏறத்தாழ ஒரு காசுதான். அதைக்கூடக் கொடுக்காமல் விற்கிறவர், உங்கள் கார்டு விவரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருப்பார் என்று எப்படி நம்புகிறீர்கள்?

உள்ளே வரும் அழைப்புக்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா அழைப்புக்கும் முன்னால் ‘+’ தெரிய வேண்டும் என்பது இங்கே தொலைத்தொடர்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் விதி. ஆகவே +65 என்று, சிங்கப்பூர்க் குறியீட்டோடு வந்து, “மனிதவள அமைச்சிலிருந்து பேசுறோம், ஒர்க் பெர்மிட் பிரச்சினை” என்றால் வைத்துவிடுங்கள். உள்ளூர் அழைப்புக்கு ப்ளஸ் வராது. சந்தேகம் என்றால் மோசடி உதவி எண்ணான 1799-க்கு அழைத்துக் கேளுங்கள். வெளிநாட்டு அழைப்பை மொத்தமாகத் தடுக்கும் வசதியும் நிறுவனங்களிடம் இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் அதைப் போட்டுவிட்டால் வீட்டிலிருந்து நேரடியாக வரும் அழைப்பும் நின்றுவிடும், வாட்ஸ்அப் மட்டும் வரும். வீட்டில் சொல்லிவிட்டுப் போடுங்கள். கேள்விப்படாத நாட்டு எண்ணிலிருந்து ஒரே மணியில் அறுந்த மிஸ்ட் காலுக்குத் திரும்ப அழைக்காதீர்கள்.

தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை பழைய பட்டன் ஃபோன் வாங்குகிறவர்கள் 4ஜி, வோல்ட்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு செய்யும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். 2ஜி 2017-இல் போயிற்று, 3ஜி 2024-இல் போயிற்று. சிம் போட்டு ஒரு அழைப்பு செய்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக, விடுதியில் இருக்கும் தம்பிகளிடம் கெஞ்சிக் கேட்பது. ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்ட் சிம்தான். மிச்சமிருக்கும் இடத்தில் “உன் பேர்ல எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு, இருபது வெள்ளி தர்றேன்” என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஒரே ஊர்க்காரராக இருந்தாலும் சரி. அந்த சிம் மோசடிக்குப் போனால் 2025 ஜனவரியிலிருந்து 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுவனத்துக்குப் போய், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று கேட்டு, உங்கள் கையில் இல்லாததை நிறுத்தச் சொல்லுங்கள். வேலை அனுமதி அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.