சாயங்காலம் அந்தப் பை எங்கே போகிறது?

அலுவலகங்களுக்குக் கழிவு மேலாண்மை ஆலோசனை சொல்வது என் தொழில். "ஊழியர்களே சேர்ந்து பசுமைக் குழு ஆரம்பித்திருக்கிறோம், வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். போனால் சுவரெல்லாம் போஸ்டர், வரிசையாகக் கலர் கலராகத் தொட்டிகள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சாயங்காலம் இந்தப் பைகளை எடுத்துப் போவது யார்? பல இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஓர் அலுவலகத்தில் மூன்று மாதமாகக் காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி என்று சிரத்தையாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சுத்தம் செய்யும் அம்மாவிடம் பேசினேன். "தள்ளுவண்டியில ஒரு பைக்குத்தான் இடம். எல்லாத்தையும் அதுலயே கொட்டிடுவேன்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழு கூடிய எந்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. வண்டியில் இன்னொரு பை மாட்ட ஒரு கொக்கி வைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதியையும் அவரே சொன்னார்: காகிதத் தொட்டியில் மிச்சக் காபியோடு கப்பைப் போடுகிறார்கள். காகிதக் கப் பெயருக்குத்தான் காகிதம். உள்ளே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய பூச்சு இருப்பதால் சாதாரணக் காகித ஆலைகளில் அதைக் கூழாக்குவது கஷ்டம். அதைவிட மோசம், அந்த ஒரு வாய்க் காபி கீழே இருக்கிற நல்ல தாள்களையும் நனைத்துக் கெடுத்துவிடும். பழைய காகிதம் எடுப்பவர்கள் ஈரமான, கறைபட்ட தாள்களை ஒதுக்கிவிடுவார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் மிச்சத்தை ஊற்ற ஒரு வாளி வைத்தோம். கப்புக்கு ஒரே தீர்வு, ஆளுக்கொரு குவளை. பளபளப்பான பில் காகிதமும் காகிதத் தொட்டிக்கு ஆகாது. அதில் வேதிப்பூச்சு இருக்கிறது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். பழைய பவர் பேங்க்கையோ லித்தியம் பேட்டரியையோ சாதாரணக் குப்பையில் போட்டால், லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. முனைகளில் டேப் ஒட்டித் தனிப் பெட்டியில் சேருங்கள். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி 2022இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் கொஞ்சம் நம் மேசை டிராயர்களிலும் தூங்குகிறது. பழைய போனைக் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு உள்ளே இருக்கும் தகவலைப் பற்றித்தான் பயம். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் குழுவில் இருந்தால் அழித்துக் கொடுத்துவிடுவார். அப்படியே எல்லா பிரிண்டரையும் இருபக்க அச்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். "தாளைச் சேமிப்போம்" போஸ்டர் எத்தனை ஒட்டினாலும் அந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொட்டி வாங்க ஓட வேண்டாம். ஒருநாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டுப் பிரித்து, வகைவாரியாக எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்றம் இருக்கத்தான் செய்யும். சுத்தம் செய்பவர்களையும் கூப்பிடுங்கள், அதுவும் அவர்களுடைய வேலை நேரத்துக்குள். மூன்று மாதம் கழித்து அதே தராசில் மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.