பள்ளியிலிருந்து வரும் சிறுநீர்க் குப்பி: ஜப்பானில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு

ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் பிள்ளையின் பையிலிருந்து ஒரு சின்ன உறை வெளியே வரும். உள்ளே மடித்து வைத்த காகிதக் கப் ஒன்று இருக்கும். கூடவே, சுஷி டப்பாவில் சோயா சாஸ் ஊற்றித் தருவார்களே, அது மாதிரி பிதுக்கி உறிஞ்சும் பிளாஸ்டிக் குப்பி ஒன்று. உறையின் மேல் வகுப்பு, வரிசை எண், பெயர் எழுத இடமும், இரண்டு கான்ஜி எழுத்துகளும் (ஜப்பானியச் சித்திர எழுத்துகள்) இருக்கும். 'கென்ன்யோ' என்று படிக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை என்று பொருள்.

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்கும் கேள்வி இது. "நல்லாத்தானே இருக்கா, இதைக் கட்டாயம் கொடுக்கணுமா?" கொடுங்கள். நல்லா இருக்கிற பிள்ளைக்காகத்தான் இந்தத் திட்டமே.

சிறுநீரகம் கெட்டுப்போகும்போது வலிக்காது. காய்ச்சல் வராது. பிள்ளை வழக்கம்போல ஓடும், ஆடும். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அதன் வடிகட்டியில் பழுது விழுந்திருப்பது முதலில் தெரிவது சிறுநீரில்தான். கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தமோ, புரதமோ, இரண்டுமோ கசியத் தொடங்கும். சோர்வு, வீக்கம், ரத்த அழுத்தம் என்று வெளியே தெரியும் நேரத்தில், பல பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தின் பெரும்பங்கு போயிருக்கும். ஐஜிஏ நெஃப்ரோபதி என்றொரு சிறுநீரக நோய் இருக்கிறது. ஜப்பானில் பிள்ளைகளிடம் கண்டுபிடிக்கப்படும் அந்த நோயில் பெரும்பகுதி பிடிபடுவது இந்தப் பள்ளிச் சோதனையில்தான். சீக்கிரம் பிடித்தால் மருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வாய்ப்பு அதிகம்.

1973-இல் விதி திருத்தப்பட்டு, 1974-இலிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் இது நடக்கிறது. 1992-இல் சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று பள்ளிச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வருடாந்திர உடல் பரிசோதனையை ஜூன் 30-க்குள் முடிக்க வேண்டும், நடந்த 21 நாளுக்குள் முடிவைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பிட்டத்தில் ஒட்டி எடுக்கும் கீரிப்பூச்சிச் சோதனை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். தேவை குறைந்துவிட்டது என்று அதைக் கட்டாயப் பட்டியலிலிருந்து 2016-இல் நீக்கிவிட்டார்கள். சிறுநீர்ச் சோதனையில் கை வைக்கவில்லை.

அரசுப் பள்ளியில் இந்தச் சோதனைக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பிள்ளை என்ற வேறுபாடும் கிடையாது, பெயர் சேர்ந்திருந்தால் போதும். ஆனால் இன்டர்நேஷனல் ஸ்கூலில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்சம் கவனியுங்கள். ஜப்பானியச் சட்டப்படி முறையான பள்ளி என்ற வகைக்குள் வராத கல்வி நிலையங்களுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. உங்கள் பள்ளியில் நடக்கிறதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கவில்லையென்றால் பக்கத்துக் குழந்தை மருத்துவரிடம் வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இனி, எடுக்கும் முறை. பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. தேவைப்படுவது காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். பகலில் நின்று நடந்து ஓடியாடியபின் எடுத்தால், ஆரோக்கியமான பிள்ளைகள் சிலருக்குக்கூடப் புரதம் காட்டும். வளரும் வயதில், அதுவும் ஒல்லியான பிள்ளைகளிடம், இது சகஜம். படுத்துத் தூங்கும்போது அந்தக் கசிவு நின்றுவிடும். ஆகவே முந்தின இரவு படுக்கப்போகும் முன் பிள்ளை கட்டாயம் சிறுநீர் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் மாலையில் சேர்ந்ததும் காலையில் வருவதும் கலந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மறுசோதனைச் சீட்டு வந்தது. புரதம் ஒரு ப்ளஸ், அதாவது கொஞ்சம் தெரிகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் நீச்சல் வகுப்பு முடிந்து வந்தவள் சோபாவிலேயே தூங்கிவிட்டாள், அப்படியே தூக்கிக் கட்டிலில் போட்டிருந்தேன். அடுத்த முறை "உச்சா போயிட்டுப் படு" என்று வாசலிலேயே நின்றேன். காலை ஆறே காலுக்கு, கண்ணைத் திறக்காமலே கப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அம்மா, இதை நிஜமாவே ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகணுமா?" இரண்டாம் சோதனையில் ஒன்றும் இல்லை.

முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். குப்பியில் போட்டிருக்கும் கோடு வரை உறிஞ்சி மூடியை இறுக்குங்கள். முந்தின நாள் மாலையிலிருந்து வைட்டமின் சி மாத்திரை, வைட்டமின் சி சேர்த்த பானங்கள் வேண்டாம். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டையில், ரத்தம் இருந்தும் இல்லாததுபோல் அது காட்டிவிடும். நெல்லிக்காய்ச் சாறும் இதில் சேர்த்திதான். மாதவிடாய் நாளில் பெண் பிள்ளைகள் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு கொடுக்கத் தனி நாள் வைத்திருப்பார்கள். பிள்ளை ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்பட்டால், ஹொகென்ஷிட்சு என்ற மருத்துவ அறையில் இருக்கும் ஆசிரியைக்கு நீங்களே ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பலாம்.

முதல் சோதனையில் ஏதாவது தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் இன்னொரு குப்பி வரும். அதிலும் தெரிந்தால் மூன்றாம் கட்டம்: மருத்துவர் நேரில் பார்த்து, ரத்த அழுத்தம் அளந்து, ரத்தம் எடுத்து, சிறுநீரில் உள்ள புரதத்தை, அதில் வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார். அந்த விகிதம் 0.15-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய கசிவு. சில ஊர்களில் மூன்றாம் கட்டத்தையும் உள்ளாட்சியே ஏற்பாடு செய்யும். மற்ற இடங்களில் கடிதத்தோடு நாமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டோக்கியோவின் 23 வார்டுகளில் பிள்ளைகளுக்கான மருத்துவ அட்டை இருந்தால் காப்பீட்டில் வரும் சிகிச்சைக்கு நம் பங்கும் கட்ட வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து உயர்நிலைப் பள்ளி வயதுக்கும் அது உண்டு. நீண்டநாள் சிறுநீரக நோய் என்று உறுதியானால், குழந்தைகளின் நாள்பட்ட நோய்களுக்கான அரசு உதவிக்கு 18 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். வருமானத்தைப் பொறுத்து மாதச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிடுவார்கள்.

பலர் தவறவிடுவது இந்த மூன்றாம் கட்டத்தைத்தான். "இரண்டு தடவையும் லேசாத்தான் இருக்காம், பிள்ளை நல்லா விளையாடுறான்" என்று கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டே இருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு காலைச் சிறுநீரிலும் தெரிந்த விஷயத்தைத் தூக்கக் கலக்கத்தில் நடந்த பிழை என்று தள்ளிவிட முடியாது. ரத்தமும் புரதமும் சேர்ந்தே தெரிந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள். சளி பிடித்த நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் பள்ளிச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதே சமயம், கடிதம் வந்த அன்றே பிள்ளைக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டையும் தடுக்காதீர்கள். முன்பெல்லாம் சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் என்றாலே பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. மருத்துவர் ஒரு பள்ளி வாழ்க்கை வழிகாட்டுப் படிவம் எழுதித் தருவார். அதில் ஆங்கில எழுத்து A முதல் E வரை ஐந்து நிலைகள். E என்றால் எல்லா விளையாட்டும் ஆடலாம். ரத்தம் மட்டும் லேசாகத் தெரியும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் E-தான் விழும்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே சிறுத்த, சரியாக உருவாகாத சிறுநீரகங்கள் இருக்கும் பிள்ளைகளின் சிறுநீர் நீர்த்திருக்கும், பட்டையில் நிறம் ஏறாமல் போகலாம். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், வயதுக்கேற்ற உயரம் ஏறாமை என்று இருந்தால், பள்ளி முடிவு சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தைவானில் 1990 முதல், தென் கொரியாவில் 1998 முதல் இதே மாதிரி பள்ளிச் சோதனை நடக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 2007-இல் வழக்கமான சிறுநீர்ச் சோதனைப் பரிந்துரையைக் கைவிட்டது. எனக்கு ஜப்பானின் பக்கம்தான் மனம் நிற்கிறது. ஒரு பட்டையும் ஒரு காகிதக் கப்பும் அப்படியொன்றும் பெரிய செலவில்லை.

ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு ஒன்று. இந்தியாவில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அதன் தொடக்கப் பட்டியலில் இருந்த 30 குறைபாடுகளில் சிறுநீரக நோய் தனியாக இல்லை. எனவே அங்கே யாரும் குப்பி கொடுத்து அனுப்பாவிட்டால், வருஷம் ஒருமுறை நீங்களே பக்கத்து லேபில் 'யூரின் ரொட்டீன்' எடுத்துக்கொள்ளலாம். காலை முதல் சிறுநீர் என்பதை அங்கேயும் மறக்க வேண்டாம். இங்கே எப்போதாவது ப்ளஸ் வந்திருந்தால் அந்த முடிவுகளையும் வழிகாட்டுப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள்.