அப்பத்தா ஏன் நம் வாயையே பார்க்கிறார்?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் வளவு முழுக்கப் பேச்சுச் சத்தம்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. பார்க்க அத்தனை அழகு. ஆனால் இவை ஒலியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அதன் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழும். அங்கே அப்பத்தா, "இங்கிட்டுத் திரும்பிப் பேசு" என்றால் சரியான வழியைத்தான் கேட்கிறார்.

வயதாக ஆக, உள்காதில் ஒலியை வாங்கும் முடிச் செல்கள் அழிகின்றன. கீச்சென்ற உயர் ஒலிகளுக்கானவை முதலில் போகும். போனவை மறுபடி முளைப்பதில்லை. உயிர் எழுத்துகளின் வலு கீழ் ஒலிகளில் இருப்பதால் குரல் கேட்கும். மெய்களைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் உயர் ஒலிகளில். அதனால்தான் "கேக்குது, ஆனா புரியலை".

பட்டு, தட்டு, கட்டு என்று சொல்லிப் பாருங்கள். இரைச்சலில் மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆனால் 'ப'வுக்கு உதடு மூடும், மற்ற இரண்டுக்கும் மூடாது. கண் அதைப் பிடித்துவிடும். பட்டு, மட்டு இரண்டுக்கும் உதட்டசைவு ஒன்றுதான். அங்கே 'ம'வின் மூக்கொலியைக் காது பிடிக்கும். ஒன்று விடுவதை மற்றது எடுத்துக்கொடுக்கிறது. இரைச்சல் கூடக் கூட முகம் பார்ப்பதன் பலனும் கூடுகிறது என்று சம்பி, பொலாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1954-லேயே காட்டினார்கள்.

அப்படியானால் முதியவர்கள் உதட்டசைவைப் படிப்பதில் கெட்டிக்காரர்களா? இல்லை. ஒலியே இல்லாமல் உதட்டை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னால் இளையவர்களைவிடப் பின்தங்குகிறார்கள். பார்வையும், வேகமான அசைவைத் தொடரும் திறனும் குறைவது இதற்குக் காரணமாகலாம். ஆனால் மங்கலாகக் கேட்பதையும் பார்ப்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும் திறன் பெரிதும் தங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி இது.

அதனால் அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். கத்தும்போது வாயின் வடிவமும் மாறிப்போகும். பக்கத்தில் போய், முற்றத்து வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். முற்றத்துக்கு முதுகு காட்டினால் முகம் இருட்டாகத்தான் தெரியும். அப்பத்தாவின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுங்கள், கண்புரை இருந்தால் காட்டச் சொல்லுங்கள். காதுக் கருவி போட்டவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.