காய்ச்சல் விட்ட பிறகு

2021 மே மாதம், கொரோனாக் காலத்தில் ஒரு காலை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன் வந்தது. "டாக்டர், ஆச்சிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. ஆனா இந்த மிஷின் 84-னு காட்டுது. கெட்டுப்போச்சா?" பேசியது ஆச்சிக்குத் துணையாக அந்த வீட்டிலேயே தங்கியிருந்த அம்மா. மிஷின் என்றது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை. அதைத் தன் விரலில் மாட்டிப் பார்க்கும்படி அந்த அம்மாவிடம் சொன்னேன். 98 என்றார். மிஷினில் கோளாறு இல்லை. உடனே கிளம்புங்கள் என்றேன்.

ஆச்சி கிளம்பியது மாலை ஐந்து மணிக்கு. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும், மதுரையில் படுக்கை கிடைக்க வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும். மேலூர் தாண்டுவதற்குள் வண்டியிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. கொரோனாவில் மனிதர்கள் எங்கே இறந்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தச் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

ஆஸ்பத்திரியிலும் இறந்தார்கள். ஆனால் நான் பார்த்தவரை, அவர்களில் பலர் ஆக்சிஜன் அளவு 70-க்கு இறங்கிய பிறகே வந்து சேர்ந்தவர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பலை" என்ற பேச்சு ஊரில் பரவும். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போடுவார். அவரும் அதே நிலையில் வந்து சேருவார்.

ஏன் தள்ளிப்போட முடிந்தது? நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. கொரோனா நிமோனியாவின் தொடக்கத்தில் அந்த வாயு சரியாகவே வெளியேறிவிடும், ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் குறையும். அதனால் 84-ல் உட்கார்ந்துகொண்டு ஒருவரால் இட்லி சாப்பிட முடியும், பேச முடியும். இன்னொன்று, பலருக்கு நிலைமை மோசமானது இரண்டாவது வாரத்தில். முதல் வாரக் காய்ச்சல் தணிந்து வீடே நிம்மதியாகிற நேரத்தில், உடலின் சொந்த எதிர்ப்பே நுரையீரலில் அழற்சியைக் கிளப்பியிருக்கும்.

இதற்கு உதவும் மருந்து விலை மலிவான டெக்சாமெத்தசோன். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2020 ஜூனில் இதைக் காட்டியது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டை நம்பி, காய்ச்சல் வந்த முதல் நாளே அதை விழுங்கியவர்கள் உண்டு. அவர்களில் சர்க்கரை நோயாளிகளின் சுகர் 400-ஐத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன்.

1918 இன்ஃப்ளுயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அப்போதும் பெரும்பாலான உயிர்களைப் பறித்தது, காய்ச்சலைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா. பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928-ல்தான். அன்று மருந்தே இல்லை. நம் காலத்தில் இருந்தது, நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நம் ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனிமைப்படுத்தச் செட்டிநாட்டு வீட்டைப் போல வசதியான இடம் கிடையாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும். நோயாளியை உள்ளே ஓர் அறையில் விட்டுவிட்டுச் சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிடலாம். அங்கேதான் பிசகியது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், தாத்தாவுக்கு மூச்சு வாங்குவது முதல் இரவிலேயே தெரிந்துவிடும். பெரிய வீட்டில் தட்டு காலியாக வந்தால் நலம் என்று எடுத்துக்கொண்டார்கள். அறையைப் பிரியுங்கள், ஆனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு முறையாவது பக்கத்தில் போய்ப் பாருங்கள். மிஷின் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணலாம். 24 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே போனாலும் அப்படியே. 90-க்குக் கீழே என்றால் கிளம்ப வேண்டியதுதான். வண்டி வரும்வரை, முடிந்தவர்களைக் குப்புறப் படுக்க வையுங்கள்.

அப்புறம், எங்கே போவது? முதலில் ஆக்சிஜன் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 100 நிமிடத்தில் காலி. தூரமாகப் போகத்தான் வேண்டுமென்றால், ஏறும் முன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். அந்த மே மாதத்தில் நான் இதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

இப்போது வெளிநாட்டிலிருந்து பெற்றோரைப் பற்றி விசாரிக்க யார் கூப்பிட்டாலும், வீட்டில் துணைக்கு இருப்பவரையும் அதே அழைப்பில் சேர்க்கச் சொல்கிறேன். என் காதுபட ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறேன். போன வாரம் ஒரு மகன் சொன்னார்: "அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சுன்னா எங்களைக் கேக்க வேண்டாம். முதல்ல 108-க்குப் போடுங்க. அப்புறம் எனக்கு."