மாறுநிலை: அணு உலை 'கிரிட்டிக்கல்' ஆனால் பயப்பட வேண்டுமா?

2013 ஜூலை 13 இரவு, கூடங்குளத்தின் முதல் உலை 'கிரிட்டிக்கல்' ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது கலவரமான செய்திதான். ஆனால் அன்றைக்குத்தான் அந்த உலை வேலை செய்யவே தொடங்கியது.

'கிரினைன்' என்றால் கிரேக்கத்தில் பிரித்தறிவது, தீர்ப்புச் சொல்வது. அதில் பிறந்த 'கிரிசிஸ்' என்ற சொல்லைப் பழைய கிரேக்க வைத்தியர்கள், நோய் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திரும்புகிற கட்டத்துக்கு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சுக்கு அதிலிருந்து கவலை மட்டும் வந்து சேர்ந்தது. இயற்பியல் எடுத்துக்கொண்டது திரும்புகிற எல்லையை.

சரி, உலையில் அந்த எல்லை எது? யுரேனியம்-235 அணுக்கரு ஒன்று பிளந்தால் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் கிளம்பும். அவற்றில் சில வேறு அணுக்கருக்களில் மோதிப் பிளக்க, அடுத்த தலைமுறை நியூட்ரான்கள் பிறக்கும்; இப்படியே நீள்வதுதான் தொடர்வினை. மற்றவற்றில் சில வெளியே தப்பிவிடும். சிலவற்றை யுரேனியம்-238 விழுங்கும், சிலவற்றைக் கட்டுப்பாட்டுத் தண்டு விழுங்கும். ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கும் அதற்கு முந்தைய தலைமுறைக்கும் உள்ள விகிதம்தான் பெருக்கக் காரணி, 'கே'. அது 1-க்குக் கீழே இருந்தால் தொடர்வினை தேய்ந்து அணையும். மேலே இருந்தால் பெருகும். சரியாக 1 என்றால் மாறுநிலை. வரவும் செலவும் நேராகிற கணக்கு.

எவ்வளவு வரவு என்பது வேறு கேள்வி. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மி குழுவினரின் உலை மாறுநிலையை எட்டியபோது அதன் திறன் வெறும் அரை வாட். ஒரு டார்ச் பல்புக்குக்கூடச் சரியாகப் போதாது! 1000 மெகாவாட்டில் சீராக ஓடும் கூடங்குளம் உலையிலும் 'கே' அதே 1-தான். திறனைக் கூட்ட வேண்டுமானால் 'கே'-யைக் கொஞ்சநேரம் 1-க்குச் சற்று மேலே விட்டு, அப்புறம் 1-க்கே இறக்குவார்கள். ஜூலையில் மாறுநிலை கண்ட உலையின் மின்சாரம் அக்டோபர் 22 அன்றுதான் மின்தொகுப்புக்கு வந்தது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'நெருக்கடி நிலை' என்று எழுதினால் 1975 ஞாபகம்தான் வரும். இலங்கைப் பாடநூல்களில், ஒளியியலில் வரும் கிரிட்டிக்கல் கோணம் 'அவதிக் கோணம்'; எல்லை என்ற பொருளில் அது நல்ல சொல், ஆனால் 'அவதி' இங்கே படுகிற பாடாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பள்ளி நூல்களில் உள்ளது 'மாறுநிலை'. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: மாறுநிலையில் இருக்கும் உலையில் நியூட்ரான் எண்ணிக்கை மாறுவதே இல்லை. ஆனாலும் தேய்வது பெருகுவதாக மாறும் எல்லை என்று கொண்டால் பொருந்துகிறது. என் ஓட்டு அதற்கே.

பயப்பட வேண்டிய சொல் வேறொன்று இருக்கிறது. பிளவில் பிறக்கும் நியூட்ரான்களில் சுமார் 0.65 விழுக்காடு, பிளந்த துண்டுகளிலிருந்து சில நொடிகள் தாமதமாக வருபவை. அந்தத் தாமதத்தால்தான் 'கே' 1.001 ஆனாலும் திறன் நிதானமாக ஏறுகிறது, தண்டை இறக்க அவகாசம் கிடைக்கிறது. தாமத நியூட்ரான்களின் தயவே இல்லாமல், உடனே வெளிவருபவை மட்டுமே 'கே'-யை 1-க்குக் கொண்டுவந்துவிட்டால் அது 'உடனடி மாறுநிலை'. 1961 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு சிறிய ராணுவ உலையின் நடுத்தண்டு அளவுக்கு மீறி மேலே இழுக்கப்பட்டபோது நடந்தது அதுதான். அங்கே வேலையிலிருந்த மூவரும் இறந்தார்கள்.