மலையில் தோட்டத்து வீடு வாங்குகிறீர்களா? பட்டாவில் வராததையும் பாருங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம், நடுவில் இரண்டு அறை ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. வாங்க வருபவர் முதலில் கேட்பது, "பட்டா இருக்கா?" என்பதுதான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கீழ்ப்பழனி மலையில் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் பலரிடம் பட்டா சரியாகவே இருக்கிறது. தண்ணீர் இல்லை, அல்லது வண்டி போக வழி இல்லை.

தோட்டத்து வீட்டுக்குத் தண்ணீர் பெரும்பாலும் மேலே எங்கோ உள்ள ஊற்றிலிருந்து கருப்பு ஓஸ் பைப்பில் இறங்கி வரும். அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டே ஏறிப் போய், ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரர், "எடுத்துக்கோங்கண்ணே" என்று பல வருடமாக விட்டிருந்தால் அது வெறும் வாய் அனுமதி. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, அனுமதி தந்தவர் நிலத்தை விற்றுவிட்டால் புதிதாக வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. விற்பவருக்குக் கிடைத்த அனுமதி வாங்கும் உங்களுக்குத் தானாக வந்துவிடவும் செய்யாது. எனவே கிரயத்துக்கு முன்பே ஊற்றுள்ள நிலத்துக்காரரிடம் பதிவு செய்த உரிமைப் பத்திரம் வாங்குங்கள். ஊற்றின் சர்வே எண், பைப் கடந்து வரும் சர்வே எண்கள், பைப்பின் அளவு, பழுது பார்க்க உள்ளே போகும் உரிமை எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஊற்று காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊற்றை அளக்கச் சரியான நேரம் மார்ச் கடைசி, கோடைமழை இறங்குவதற்கு முன். நவம்பரில் போனால் எல்லா ஓடையும் ஓடும். அதை நம்பி விலை பேசாதீர்கள். 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் ஆனால் ஒரு நாளைக்கு 2,880 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 675 லிட்டர் போதும், மிச்சம் நாற்றுக்கு. ஒரு மணி நேரம் ஆனால் கிடைப்பது 480 லிட்டர்தான், வீட்டுக்கே பற்றாது. "போர் போட்டுக்கலாம்" என்று தரகர் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மலைப்பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

வழியிலும் இதே சிக்கல்தான். ஜீப் வீட்டு வாசல் வரை போகிறது என்பதாலேயே அது பொதுவழி ஆகிவிடாது. சர்வே வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதையாகக் காட்டியிருக்கிறதா, இல்லை எஸ்டேட்டின் சொந்தப் பாதையா என்று பாருங்கள். தனியார் பாதை என்றால் வழியுரிமை அகலத்தோடு பத்திரத்தில் ஏறவேண்டும். "நடைபாதை" என்று எழுதியிருந்தால் சிமெண்ட் ஏற்றிய வண்டியைத் தடுக்க ஒருவர் போதும்.

அளவு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், விற்பவரே அறியாமல் ஏமாற்றுவதும் உண்டு. பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட், 60.5 ஏர்ஸ் என்றால் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். சர்வே அளவு கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு போட்டு 100 அடி அளந்தால் கிடைமட்டத்தில் 86.6 அடிதான். சரிவில் டேப் பிடித்து "ரெண்டு ஏக்கர் வருது" என்றால் பட்டாப்படி பணம் கொடுங்கள். அளந்து கல் நடுவதை மீதித் தொகை கொடுப்பதற்கு முன் முடியுங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் விற்பவரின் பங்கு தனியாக உட்பிரிவு ஆகியிருக்கவேண்டும்.

தாய்ப்பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டை மட்டும் நீங்களே கேளுங்கள். ஒன்று, நிலம் விற்க நிபந்தனை வைத்து அரசு ஒப்படை செய்த (ஒதுக்கிய) பட்டாவா, பட்டியலினத்தவருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பது. ஆனால் இன்றைய பட்டாவில் அந்த நிபந்தனை தெரியாமல் போகலாம். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டையும் பழைய ஒப்படை ஆணையையும் பார்த்தால்தான் தெரியும். நிபந்தனையை மீறி வாங்கியதை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, வீட்டுக்குக் கட்டட அனுமதி உண்டா என்பது. வீட்டுவரி ரசீது அனுமதி அல்ல, மின் இணைப்பும் அல்ல. மலையிடப் பாதுகாப்பு ஆணையத்துக்கு (HACA) உட்பட்ட கிராமங்களை 1990-ல் அரசாணை பட்டியலிட்டது. அங்கே ஊராட்சித் தீர்மானம் மட்டும் போதாது. அனுமதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

சில்வர் ஓக் மரங்களை எண்ணி விலையில் சேர்ப்பார்கள். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டமுடியாது. வெட்டி விற்று வீடு சீர்செய்யலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

நிலம் உறுதியா என்பதை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது ஒரு நாள் போய்ப் பார்க்கவேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்த மரங்கள், சரிவின் நடுவே புதிதாகக் கசியும் நீர், தரையில் பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த கம்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பொறியாளரைக் கூட்டிப்போங்கள். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழையில் அவற்றிலிருந்து நீர் வருகிறதா என்று பாருங்கள். துளை அடைத்த சுவருக்குப் பின்னால் சேரும் நீர்தான் சுவரைத் தள்ளுகிறது. கல்லின் கனம் அதைத் தாங்காது.

காட்டுமாடும் பன்றியும் யானையும் வரும் ஊர் இது. வேலிச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். மின்வேலிக்கு 2023 விதிப்படி பதிவு வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது உயிரைப் பறிக்கும் குற்றம்.

கிரய ஒப்பந்தமும் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்யவேண்டிய ஆவணம். அளவீடு, தண்ணீர்ப் பத்திரம், வழியுரிமை மூன்றும் முடியாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று அதில் எழுதுங்கள். கிரயச் செலவுக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கணக்கு வையுங்கள். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலோடு மின் இணைப்பின் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.