எட்டாம் நம்பரில் இனிமை கூடுமா?

ஒரு பெரியவர் தன் அப்பாவின் நாகஸ்வரக் கச்சேரிகள் பதிவான கேசட்டுகளை என்னிடம் கொண்டுவந்தார். கோயில் திருவிழாக்களில் யார் யாரோ பதிவு செய்து கொடுத்தவை. பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். ஃபிளாக் ஃபைல்களாக மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார்.

"தம்பி, எட்டாம் நம்பர் வச்சு மாத்தினா இன்னும் நல்லா இருக்கும்னு பேரன் சொன்னான். அவனே மாத்தியும் கொடுத்தான். கேட்டேன். அப்பா பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. ஆனால் ஃபிளாக் என்பது இழப்பே இல்லாத சுருக்கம். 0 முதல் 8 வரையுள்ள எண்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல. ஃபைலைச் சிறிதாக்க என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றன. வேட்டியை எப்படி மடித்து வைத்தாலும் விரித்தால் அதே எட்டு முழம்தான். நான் கொடுத்த ஃபைலையும் பேரன் கொடுத்ததையும் விரித்து ஒப்பிட்டேன். ஒரு பிட் கூட மாறவில்லை.

அப்படியானால் அவர் கேட்டது என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரே பதிவை இரண்டு முறை கேட்டால், நாம் இரண்டு முறையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. முதல் முறை மனம் நாகஸ்வரத்தின் பின்னால் போகும். அடுத்த முறை ராகம் பழகிவிட்டதால் தவிலைக் கவனிக்கும், பின்னால் ஒலிக்கும் தாளத்தைக் கவனிக்கும். முன்பு கேட்காத ஒன்று இப்போது கேட்கிறது. நடுவில் ஒரு எண் மாறியிருக்கிறது. அந்த எண்தான் இதைக் கொண்டுவந்தது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. 'இது உயர்ந்த தரம்' என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் முடிச்சு இன்னும் இறுகும். இதுதான் பிளாசிபோ. நல்ல காது, பயிற்சி பெற்ற காது என்ற பேதமெல்லாம் இதற்கு இல்லை. மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்து ஒரு ஈக்யூ குமிழைத் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது) திருகி, குரல் தெளிவானதாக உணர்ந்து, பிறகு அந்த ஈக்யூ அணைந்தே கிடந்ததைப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. அன்றிலிருந்து பெயர் தெரிந்து கேட்கும் ஒப்பீடு எதையும் நான் நம்புவதில்லை.

பெயர் தெரியாமல் கேட்க வழி இருக்கிறது. ஏபிஎக்ஸ் சோதனை என்பார்கள். 1950-லேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் இருவரும் இதை எழுதியிருக்கிறார்கள். ஏ, பி இரண்டும் தெரிந்தவை. எக்ஸ் அந்த இரண்டில் ஒன்று. எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணினியில் ஃபூபார்2000 பிளேயரில் இதற்கான துணை நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால் உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அந்த அளவு வர நூற்றில் நான்கு வாய்ப்புதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடியிருந்தாலும் 'சத்தம் அதிகம்' என்று தோன்றாது, 'தரம் அதிகம்' என்றுதான் தோன்றும்.

பெரியவரை உட்கார வைத்தேன். ஃபிளாக் இரண்டுக்கும் 16-க்கு 7. முகம் வாடிவிட்டது. அவரை அப்படியே அனுப்ப எனக்கு மனமில்லை. அதே பதிவை நொடிக்கு 128 கிலோபிட் அளவுள்ள எம்பி3-ஆக்கி, மூலத்தோடு ஒப்பிடச் சொன்னேன். 15 சரி! தாளத்தின் தட்டு மழுங்கியிருப்பதைச் சட்டென்று பிடித்துவிட்டார். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் சுருக்குகிறது. கூர்மையான தட்டு வந்தால் சுருக்கத்தின் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் பரவி, தட்டுக்கு முன்னாலேயே லேசாகக் கசிகிறது. முன் எதிரொலி என்போம். கேசட்டின் இரைச்சலும் குறைந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்குக் குறைந்த கிலோபிட்டில், தண்ணீர் சலசலப்பது போல ஆகிவிடும். இவை கற்பனை அல்ல.

எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடரின் வி2 என்ற தர அமைப்புக்கு வந்தால், சராசரியாக 190 கிலோபிட் அளவில், பெரும்பாலான இசையில் மூலத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரும்பாலானோர் திணறிப்போவார்கள். 320 கிலோபிட்டுக்கும் லேமின் இன்னும் உயர்ந்த அமைப்பான வி0-வுக்கும் நடுவே நடக்கும் சண்டைகளில் நான் தலையிடுவதில்லை. வீடியோவுக்கான எக்ஸ்264 என்கோடரில் ஆக மெதுவான அமைப்புக்கு 'பிளாசிபோ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2007-ல் மேயரும் மோரானும் உயர்தர டிஸ்க்குகளைச் சாதாரண சிடி தரத்தோடு ஒப்பிட்டு வெளியிட்ட சோதனையில், 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டிப் போட்டது போலத்தான்.

உண்மையில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 128-ல் இருக்கும் பழைய எம்பி3-யை 320-க்கு மாற்றி, 'தரம் ஏறிவிட்டது' என்று நம்பி மூலத்தை அழித்துவிடுகிறார்கள். போன ஒலி திரும்பி வராது. இன்னொரு முறை சுருக்கியதால் இன்னும் கொஞ்சம் போயிருக்கும், ஃபைல் மட்டும் இரண்டரை மடங்கு பெருத்திருக்கும். குடும்பத்தில் மறைந்தவர் குரல் இருக்கும் பதிவுகளில் இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முதல் பிரதியை, அது எந்தத் தரத்தில் இருந்தாலும், அப்படியே வையுங்கள்.

பெரியவர் மறுவாரம் இன்னும் ஆறு கேசட்டுகளோடு வந்தார். அதில் ஒன்று மந்தமாக ஒலித்தது. பதிவு செய்த டெக்கில், நாடாவைத் தொடும் ஹெட் சாய்ந்திருந்தால் இப்படி ஆகும். அதே சாய்வுக்கு என் டெக்கின் ஹெட்டைக் கொண்டுவர வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் சின்ன ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்பினேன். நாகஸ்வரச் சீவாளியின் காற்று தெளிந்து வந்த அந்த நொடியில் அவராகவே திரும்பி என்னைப் பார்த்தார்.